கவிழ்த்து வைத்த அண்டாக்கள்

திருத்தணியில் மலையடிவாரக் குளத்துக்குப் பின்புறம், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீட்டிப் படுத்திருந்த அந்த வீட்டுக்கு ரயில் வீடு என்று பெயர். வாசலில் செருப்பை விட்ட விருந்தாளி கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் அரக்கோணம் வண்டி போய்விடும், அதனால்தான் அங்கே வந்த எவரும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஊர் திரும்பியதில்லை என்பார்கள். முன்கட்டில் காய்ந்த பாலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு கொல்லையிலிருந்து புறப்பட்ட பூனை ஒன்று, வந்து சேர்ந்தபோது பால் தயிராகியிருந்தது என்பதும் தெருவில் அடித்துச் சொல்லப்பட்ட செய்தி. அந்தப் பூனையைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட உண்டு.

இவ்வளவு பெரிய வீட்டில் கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். நாராயணசுவாமியும் அவர் மனைவி ஜம்பகமும்.

நாராயணசுவாமி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். அப்பா, தாத்தா, அவருக்கும் அப்பா எல்லாரும் அதே அடுப்பின் முன்னால் நின்று வியர்த்தவர்கள். பொழுது விடியுமுன் ஈரவேட்டியோடு படியேறி, சுவாமிக்கு வேண்டிய பொங்கலையும் புளியோதரையையும் கிளறி இறக்கிவிட்டு, வெயில் உறைக்குமுன் வீடு திரும்பிவிடுவார். சுவாமிக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக்கூடாதே, அதனால் நாக்கைக் கேட்காமலே உப்புப் போடக் கற்ற கை அவருடையது. அந்த வலது கையில்தான் இளவயதில் சர்க்கரைப்பொங்கல் உருளி சாய்ந்து கொதிக்கிற பாகு கொட்டியது. மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் விறைத்துவிட்டன. கரண்டி பிடிக்க அந்தக் கை போதும். வேறு எதற்கும் போதாது.

வீட்டின் நட்டநடுவில், முற்றத்தைத் தாண்டியதும், பாத்திர உள் என்று ஓர் அறை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிறவர்களுக்கு அன்னம் போடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அதற்கான பித்தளை அண்டாக்களும் செப்புக் கொப்பரைகளும் அந்த அறையின் இரண்டு பக்கமும் உத்தரம் முட்ட அடுக்கியிருக்கும். நடுவில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம். எல்லாவற்றிலும் பெரியதற்குப் 'பெரியவர்' என்றே பெயர். ஒரு கிருத்திகையன்று நாதஸ்வரக்காரர் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கிப் பெரியவருக்குள் படுத்துத் தூங்கிவிட்டாராம். தெரியாமல் மூடி போட்டுவிட்டார்களாம். மறுநாள் காலையில் உள்ளேயிருந்து தோடி கேட்டதாம். ஆலாபனை முடியட்டும் என்று மூடியைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார்களாம்.

இந்த அண்டாக்களுக்கு ஒரு விதி இருந்தது. கிருத்திகை முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால், அடுத்த ஆடிவரை நிமிர்த்தக்கூடாது. நடுவில் நிமிர்த்த ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால், பதின்மூன்றாம் நாள் சமையலுக்கு எடுப்பார்கள். வேறு எதற்காவது எடுத்தால், எடுத்ததற்கான காரணத்தை அண்டா தானே தேடிக்கொள்ளும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. நாராயணசுவாமி சிறுவனாயிருந்தபோது சித்தப்பாவின் கல்யாணத்துக்கு அவசரத்தில் ஓர் அண்டாவை நிமிர்த்தினார்கள். அந்த மாதமே நாராயணசுவாமியின் அம்மா பிரசவத்தில் போனாள். அந்த அண்டாவிலேயே அவளுடைய பதின்மூன்றாம் நாளுக்கும் சாதம் வடித்தார்கள். பிறகு யாரும் அந்த விதியோடு விளையாடவில்லை.

ஜம்பகம் மணவூர்ப் பெண். ஆறு வயதில் வந்த விஷ ஜுரம் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு இருந்தது, மேடு பள்ளம் இல்லாத, உரத்த, கட்டைப் பேச்சு. கை வெந்த பையனுக்குக் காது போன பெண் என்று தெருவில் சொன்னார்கள். ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் எந்தக் காதும் நிற்காது. கல்யாணப் பந்தலின் அந்தக் கோடியில் இரண்டு பேர் குசுகுசுப்பதை இந்தக் கோடியிலிருந்து உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள். அவள் வருகிறாள் என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள்.

அவர்களுக்கு ஒரே பெண், பார்கவி. அந்தக் குழந்தை வாய்ப்பேச்சு பேசுவதற்கு முன்னாலேயே அம்மாவோடு விரலால் பேசியது. ஜம்பகமும் பார்கவியுமாக ஒரு பாஷையே கட்டிவிட்டார்கள். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. மோவாயைத் தொட்டால் பார்கவி, அவளுக்கு அங்கே ஒரு மச்சம். கரண்டியால் கிளறுவதுபோல் காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றினால் அப்பா. நாராயணசுவாமியும் கற்றுக்கொள்ளப் பார்த்தார். விறைத்த விரல்கள் மடங்கவில்லை.

"உங்க கை கொன்னறதுன்னா," என்று ஜம்பகம் சிரிப்பாள். "உதட்டையாவது பாத்துப் படிக்கலாம்னா எந்நேரமும் வெத்தலை. எனக்குச் செவப்புதான் தெரியறது, வார்த்தை தெரியலை."

இரண்டாயிரத்து நாலில் பார்கவி கணேஷ்ராமைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலை ஒட்டிய ரேழியில் இருக்கும் தொலைபேசி மணி அடிக்கும். ஜம்பகம் முதலில் வாங்கி, தான் சொல்ல வேண்டியதையெல்லாம் தெருவுக்கே கேட்கிறாற்போல் சொல்லி முடித்து, "நான் பேசிட்டேன்" என்று கணவரிடம் நீட்டிவிடுவாள். பிறகு பார்கவி பேசுவாள். நாராயணசுவாமி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஜம்பகம் அவர் முகத்தையே பார்த்தபடி எதிரில் நிற்பாள். கடைசியில் தொலைபேசியை வைத்துவிட்டு அவர் சொல்வது ஒரே வார்த்தை.

"சௌக்கியமாம்."

"அவ்வளவு நாழி பேசினா. உங்க வாயிலேர்ந்து ஒரு சௌக்கியம்தான் வந்தது. பாக்கியை நீங்களே முழுங்கிட்டேளா?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். மகள் சொன்ன பனியும் கடையும் காய்கறியும் அவர் வாய்க்கு வரும்போது எல்லாம் சேர்ந்து ஒரு சௌக்கியமாகக் குறுகிவிடும்.

இரண்டு வருஷம் கழித்துப் பார்கவி லீவில் வந்தாள். வந்ததும் ரேழியில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, இன்டர்நெட் இணைப்பு வாங்கி, அதன் தலையில் ஒரு கேமராவை மாட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த குணசேகரனிடம், "அண்ணா, ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க வந்து ஆன் பண்ணிக் குடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். கே.ஜி.கண்டிகைக்காரனான குணசேகரனும் ஒரு வாரம்கூடத் தவறாமல் சைக்கிளில் வந்தான்.

முதல் ஞாயிறு திரையில் மகள் முகம் தெரிந்தபோது ஜம்பகம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கினாள். அந்தப் பக்கத்தில் இரண்டு கைகள் எழுந்தன. பிறகு நான்கு கைகளும் பேசிய வேகத்தில் ரேழியில் காற்றே அடித்தது என்று குணசேகரன் கடையில் போய்ச் சொன்னான். நடுநடுவே இருவரும் கரண்டி சுழற்றிச் சிரித்தார்கள்.

"என்னடி சொல்றா?" என்றார் நாராயணசுவாமி.

ஜம்பகம் அவர் பக்கம் திரும்பி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னாள்: "சௌக்கியமாம்."

இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. இரண்டாயிரத்து எட்டில் பார்கவி உண்டானாள். பிரசவத்துக்கு ஜம்பகம் அமெரிக்கா போவதென்று ஏற்பாடு. பாஸ்போர்ட் வந்தது. குல்லாவும் கம்பளிச் சட்டையும் வாங்கியாயிற்று. புரட்டாசி வெயிலில் அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துப் பழகினாள் ஜம்பகம். வீட்டு வேலைக்கு வரும் கெங்கம்மாள் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் அதே கிணற்றடியில் பாசி வழுக்கி ஜம்பகம் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஏற்கெனவே சர்க்கரை இருந்த உடம்பு. புண் ஆறுவேனா என்றது. கொல்லைப் பக்கத்துக் கடைசி அறையில் கட்டில் போட்டார்கள். குளியலறையும் தண்ணீரும் கெங்கம்மாளும் அங்கேதான் பக்கம். ரேழிக்கே கட்டிலைக் கொண்டுபோய்விடலாம் என்று நாராயணசுவாமி சொன்னபோது ஜம்பகம் கண்ணை உருட்டினாள்.

"ரேழியில யாரைப் படுக்கப் போடுவான்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பாவை அங்கதான் கிடத்தினேள். நான் பொழைக்கணும்னு படுத்திருக்கேன்."

ரேழியில் கம்ப்யூட்டர். கடைசி அறையில் ஜம்பகம். நடுவில் ரயில் வீடு.

கணேஷ்ராம் ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினான். அதற்கு இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் குணசேகரன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முதலில் கூரைமேல் வயர் இழுத்தான். மலைக் குரங்குகள் இறங்கி வந்து, தங்களுக்காகவே யாரோ ஊஞ்சல் கட்டியிருப்பதாக நினைத்து, குட்டி சகிதம் ஆடித் தீர்த்தன. ஒரு கிழக் குரங்கு அறுந்த நுனியைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது என்று கெங்கம்மாள் சத்தியம் செய்தாள். பிறகு தரையோடு வயர் போட்டான். அரிசி மூட்டையே சலித்துப்போன பெருச்சாளிகளுக்கு அது புதுப் பலகாரம். குழாய்க்குள் விட்டுச் சுவரில் அடிக்கலாம் என்றால், பாத்திர உள்ளில் சுவர் எங்கே தெரிகிறது? அண்டாக்களை நகர்த்தாமல் ஆணி அடிக்க முடியாது.

கடைசியாக, வயரே இல்லாமல் காற்றில் அனுப்பும் பெட்டி ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வந்து ரேழியில் வைத்தான். லேப்டாப்பைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூங்கரகம் எடுப்பவன்போல் வாசலிலிருந்து மெதுவாக நடந்து வந்தான். நாராயணசுவாமி பின்னாலேயே வந்தார்.

"வருது சாமி... வருது... முத்தத்துல கூட சூப்பரா வருது..." பாத்திர உள்ளில் காலை வைத்தான். "போச்சி."

"சுவர் தடிமனோ?"

"சொவுரு இல்ல சாமி. வாசல்லேர்ந்து குதிரையாட்டம் ஓடியாருது, இங்க வந்ததும் செத்துப்பூடுது. இத்தினி பித்தளை, இத்தினி செம்பு! அண்டாங்கதான் முழுங்குது."

"அண்டா பொங்கலைத்தான்டா முழுங்கும்."

"நெட்டையும் முழுங்குது சாமி. நாலு ஆள வெச்சி எல்லாத்தையும் தூக்கிக் கொல்லாண்ட வெச்சிட்டோம்னா, அம்மா படுத்துகினே பாப்பாவோட நாள் பூரா பேசிகினு இருக்கலாம்."

"அதைத் தொடாதே."

"நிமித்த வேணாம் சாமி. கவுத்தினாப்பலயே..."

"கவிழ்த்தபடியே இந்த நெலை தாண்டாதுடா. சாய்ச்சுதான் ஆகணும். சாய்ச்சா வாய் தெரியும். வாய் தெரிஞ்சா நிமிர்த்தினதுதான். நீ போ."

முற்றத்தில் இன்னொரு பெட்டி வைத்தும் பார்த்தான் குணசேகரன். அதுவும் பாத்திர உள்ளின் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது.

கடைசி அறைக் கட்டிலிலிருந்து பாத்திர உள்ளின் கதவு நேராகத் தெரியும். பேசியது முழுவதையும் ஜம்பகம் படித்துவிட்டிருந்தாள். நாராயணசுவாமி உள்ளே வந்ததும் ஆரம்பித்தாள்.

"அண்டாவை எடுக்கச் சொல்லுங்கோ."

"ஆடியில எடுக்கலாம்."

"ஆடிக்குள்ள அந்தக் குழந்தை பொறந்து குப்புறக் கவுந்துக்கும். எனக்கு அவ மூஞ்சியைப் பாக்கணும். வயித்தைப் பாக்கணும். ரெண்டு மாசமா உங்க சௌக்கியத்தையே தின்னுண்டிருக்கேன்."

"விதின்னு ஒண்ணு இருக்கோன்னோ ஆத்துல?"

"நிமிர்த்தினா நான் போயிடுவேன்னு பயமா? போனாப் போறேன். இடுப்பு வலியாவது நிக்கும். பொண்ணைப் பாத்துட்டுப் போறேனே!"

நாராயணசுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளோடு சண்டையை முடிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. முகம் திரும்பிவிட்டால் பிறகு அவளுக்குப் பேச்சில்லை. இந்த முறை ஜம்பகம் விடவில்லை. தலைமாட்டிலிருந்த டம்ளரை எடுத்து அவர் முதுகில் எறிந்தாள். தண்ணீர் வேட்டியெல்லாம் வழிந்தது.

அவர் திரும்பினார். வாயிலிருந்த வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினார். ஒவ்வொரு வார்த்தையாக, அவள் படிக்கும்படி சொன்னார்.

"நீ மட்டுந்தான்னு யாருடி சொன்னா? எங்கம்மா எப்படிப் போனா?"

ஜம்பகத்தின் கண் அவர் உதட்டிலேயே நின்றது. மெல்ல அவள் கை எழுந்து தன் மோவாயைத் தொட்டது. தொட்ட விரல் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அவள் அண்டாக்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திர உள்ளின் கதவைச் சாத்தி வைக்கும்படி மட்டும் கெங்கம்மாளிடம் சொன்னாள்.

தை பிறந்தது. பார்கவிக்கு அங்கேயே சீமந்தம் என்று நிச்சயமாயிற்று. சீமந்தத்தன்று ஜம்பகத்தை ரேழிக்குத் தூக்கிக்கொண்டு போவதென்று நாராயணசுவாமி தானே முடிவு செய்தார். படுக்கப் போடுவதில்லையே, உட்காரத்தானே போகிறாள் என்று சமாதானம் சொன்னார். அவள் சரி என்றாள். கெங்கம்மாள் அவளுக்கு அரக்குப் பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டு, தலை நிறையப் பூ வைத்தாள். சாய்வு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, குணசேகரன் முன்னாலும் கெங்கம்மாளின் புருஷன் வீராசாமி பின்னாலுமாகத் தூக்கினார்கள்.

"பல்லக்குல போவுது எங்கம்மா," என்றாள் கெங்கம்மாள்.

"வாகனம் சுமக்கறவாளுக்குப் பொங்கல் உண்டு," என்றாள் ஜம்பகம், உரத்த குரலில்.

அந்த வீட்டின் நிலைப்படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். படி தாண்டும்போதெல்லாம் நாற்காலி குலுங்கியது. ஜம்பகம் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பாத்திர உள்ளின் குறுகலில் நாற்காலிக் கால் பெரியவர்மேல் உரசி, அது நீளமாக ஒலித்தது. எல்லாரும் திடுக்கிட்டு நின்றார்கள். ஜம்பகத்துக்குக் கேட்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து, கையை நீட்டிப் பித்தளைமேல் வைத்தாள். உலோகத்துக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நடுக்கம் உள்ளங்கையில் தட்டியிருக்க வேண்டும். அது அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

ரேழிக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கம்ப்யூட்டரில் பார்கவி தயாராக உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டு, இரண்டு கை நிறைய வளையல், மடியை மறைத்துக்கொண்டு எழுந்து நின்ற வயிறு. பார்கவி மூக்கைத் தொட்டாள். ஜம்பகம் மோவாயைத் தொட்டாள். இரண்டு கைகளையும் தூக்கினாள்.

கரண்ட் போயிற்று.

அந்த வருஷம் ஊரெல்லாம் மின்வெட்டு. எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கறுத்துப்போன திரையின் முன்னால் ஜம்பகம் தூக்கிய கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். குணசேகரன் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினான். தெரு முழுக்க இல்லை. சிறிது நேரத்தில் ஜம்பகத்தின் உடம்பு நாற்காலியில் சரியத் தொடங்கியது.

"படுக்கணும்," என்றாள். "இங்க வேண்டாம்."

மறுபடியும் அத்தனை நிலைப்படிகளையும் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டிலில் கிடத்தியதும் நாராயணசுவாமியைப் பார்த்து அவள் சொன்னது ஒன்றுதான். "பச்சை அவளுக்கு நன்னாயிருக்கு."

அந்த வாரமே ஜுரம் வந்தது. புண் சீழ் கோத்தது. பிறகு மார்பில் சளி கட்டியது. தூக்கிக்கொண்டு போன குலுக்கலா, சர்க்கரையா என்று டாக்டரிடம் கேட்க நாராயணசுவாமிக்குத் தைரியம் வரவில்லை. மலையிலிருந்து இறங்கினால் கட்டிலடியிலேயே உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை விட்டுவிட்டார். ஆனால் அதற்குள் ஜம்பகம் உதடுகளைப் பார்ப்பதை விட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். போர்வையின்மேல் கைகள் மட்டும் தாமாகப் பேசின. விரல்கள் மடங்கி, விரிந்து, மோவாய்வரை எழுந்து, விழுந்தன.

கெங்கம்மாள் கதவோரம் நின்று பார்த்தாள். "இன்னா சாமி சொல்லுது அம்மா?"

நாராயணசுவாமிக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

"சௌக்கியமாம்," என்றார்.

மாசி பிறந்த சில நாட்களில், உச்சிக்கு முன்னால் ஜம்பகம் போய்விட்டாள். அண்டாக்கள் அத்தனையும் கவிழ்த்தபடியேதான் இருந்தன. ஒன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

ரேழியில் கிடத்தினார்கள். குணசேகரன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், நாராயணசுவாமியைப் பார்த்தான். நிறைமாசத்தில் விமானம் ஏறக்கூடாது என்று பார்கவியின் டாக்டர் சொல்லிவிட்டார். இதிலாவது காட்டலாமா என்று கேட்க நினைத்தவன் கேட்கவில்லை. வயிற்றில் குழந்தையோடு இருப்பவள் பார்க்கக் கூடாது என்று நாராயணசுவாமி தானே ஒரு துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்தினார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் பங்காளிகள் வந்து அண்டாக்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து, உருட்டி, கொல்லைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தினார்கள். பெரியவரைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அடுப்பு மூட்டியாயிற்று. பாத்திர உள் வெறும் அறையாயிற்று. ஆடி வராமலே அதன் சுவர்கள் தெரிந்தன.

நாராயணசுவாமி மாற்று வேட்டி எடுக்கக் கடைசி அறைக்குப் போனார். ஜன்னல் மேடையில் அந்த லேப்டாப் திறந்தபடி இருந்தது. என்றைக்காவது வரும் என்று ஜம்பகம் அதை மூடவிடாமல் வைத்திருந்தாள். குணசேகரன் வரும்போதெல்லாம் சார்ஜ் ஏற்றிவிட்டுப் போவான். அன்றும் ஏற்றியிருந்தான். நாராயணசுவாமி துணிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது பின்னால் லேப்டாப்பில் மணி அடித்தது. கொல்லையிலிருந்த குணசேகரன் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தான். வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"சாமி... இங்க வருது."

அவன் ஒரு பட்டனை அழுத்தினான். பார்கவியின் முகம் தெரிந்தது. அழுது வீங்கிய முகம். அவள் ரேழியைத்தான் எதிர்பார்த்திருந்தாள். அப்பாவின் தோளுக்குப் பின்னால் கட்டிலும் துணிப் பெட்டியும் தெரிந்ததும் ஒரு கணம் புரியாமல் விழித்தாள்.

"அப்பா, அது பின்னாத்து ரூம்தானே? அங்க எப்படிப்பா வர்றது?"

"அண்டாவை எடுத்தாச்சும்மா," என்றார்.

அவள் அந்த வீட்டுப் பெண். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கொல்லையில் யாரோ கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டும் சத்தம் அமெரிக்காவரை போயிற்று. பார்கவி விரலை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாராயணசுவாமி லேப்டாப்பைத் தூக்கி, கட்டிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.

சமையல் முடிந்து, தேய்த்து, அண்டாக்களைப் பழையபடி பாத்திர உள்ளில் அடுக்கப் பங்காளிகள் கிளம்பியபோது நாராயணசுவாமி வாசற்படியில் குறுக்கே நின்றார். கொல்லையிலிருந்த மாட்டுக் கொட்டிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். இது நல்லதில்லை என்றார் ஒரு பங்காளி.

"வேற என்ன வேணுமாம் அதுக்கு?" என்று கேட்டார் நாராயணசுவாமி. பங்காளிகள் அண்டாக்களைக் கொட்டில் பக்கம் உருட்டினார்கள்.

பங்குனியில் பார்கவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். செய்தி வரும்வரை நாராயணசுவாமி மலையில் உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டார் என்றும், சுவாமியே தண்ணீர் கேட்காமல் பொறுத்துக்கொண்டார் என்றும் மடைப்பள்ளியில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குணசேகரன் வந்து லேப்டாப்பைக் கட்டில் எதிரில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் போனான். பார்கவி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நெடுநேரம் பேசினாள். நாராயணசுவாமி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்துத் திரை அணைந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. கட்டிலின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வெற்றிலை இல்லாத வாயைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, கூடவே விறைத்த கையையும் தூக்கிச் சொல்ல ஆரம்பித்தார். எட்டுப் பவுண்டாம். தலை நிறைய மயிராம். கணேஷ்ராம் ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறானாம். வெளியே இன்னும் பனி உருகவில்லையாம். சுரைக்காய் கிடைக்கவில்லையாம், பூசணியில் கூட்டு வைத்தாளாம். மூக்கு உன் மூக்குதான் என்று எல்லாரும் சொல்கிறார்களாம். மோவாயைத் தொட்டார், மூக்கைத் தொட்டார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் முழுங்கவில்லை. கை கொன்னிக்கொன்னி வந்தது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. தூக்கத்தில் குழந்தை சிரிக்கிறதாம். சிரிப்புக்கு அவர்கள் இருவரும் விரலால் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்திருக்கிறார், எத்தனையோ தடவை. நினைவுக்கு வரவில்லை. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. வழக்கம்போல், "இதுக்கு என்னடி?" என்று கேட்பதற்காக அவர் கட்டிலைப் பார்த்தார்.